மரவள்ளி மாவைக் கரைத்த பொடி

ரோஸ் ஹில் வாசகி ஒருவர் கேட்கிறார்: ‘மரவள்ளிக் கிழங்கைத் துருவிப் பிழிந்து, மாவைப் படியவைத்துப் பலகாரக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். சக்கையோடு நிறைய மாவு போகிறது. நொதிப் பொடி போட்டால் மாவு கூடும் என்று ஒரு தரகர் விற்றார். அவர் சொன்னபடி சுடுநீரில் கலந்தேன். மாவு குறைந்தது, தண்ணீர் இனிக்கிறது. என் தவறு என்ன?’

பொடியை வாங்கியதுதான், அம்மா. தண்ணீர் இனித்ததிலேயே விடை இருக்கிறது: அவர் விற்ற பொடியில் அமைலேஸ் என்ற நொதி இருந்திருக்கிறது. மாவைச் சர்க்கரையாக உடைப்பதே அதன் வேலை. நம் எச்சிலிலும் அது உண்டு. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பது அதனால்தான். சுடுநீர் மாவைக் கஞ்சியாக்கிக் கொடுத்தது, பொடி தின்றது.

உங்களுக்கு வேண்டியது பெக்டினேஸும் செல்லுலேஸும். மாவுமணிகள் கிழங்கின் நுண்ணறைகளுக்குள் இருக்கின்றன. இந்த இரண்டு நொதிகளும் அறைச்சுவரைத் தளர்த்தும், மாவைத் தொடாது. 40 முதல் 50 டிகிரி வெதுவெதுப்பு போதும். அதற்கு முன் துருவலை இன்னும் நைசாக்கி, சக்கையை இரண்டு முறை கூடுதலாக அலசிப் பாருங்கள். பலருக்குப் பொடியே தேவைப்படாது. இதை எந்தத் தரகரும் சொல்லமாட்டார்.

‘எல்லாம் கலந்த நொதி’ என்று பெயரில்லாத பையில் வருவதை வாங்கவே வாங்காதீர்கள். நொதியின் பெயர், வீரியம், காலாவதித் தேதி, உணவுக்கு உகந்தது என்ற குறிப்பு, நான்கும் அச்சில் இருக்க வேண்டும். வீட்டுச் சோதனை ஒன்று: மாவுக் கஞ்சி காய்ச்சி வெதுவெதுப்பாக ஆறவிட்டு, இரண்டு தம்ளரில் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகைப் பொடி. அரை மணியில் அது நீர்த்துப்போனால் பொடி உங்களுக்கு ஆகாது. சுவைத்துப் பார்க்க வேண்டாம்.

ஒரு விலக்கு உண்டு. மாவிலிருந்து சர்க்கரைப் பாகு காய்ச்சுபவருக்கு அமைலேஸ்தான் வேண்டும். மாவு கஞ்சியானால்தான் அது நன்றாக வேலை செய்யும். நீங்கள் விற்பது மாவு. பாகுக்காரர் புகழ்ந்தார் என்பதற்காக அவருடைய பொடியை வாங்காதீர்கள்.

சோதிக்க ஆய்வகத்தில் கொடுக்கலாமே என்பீர்கள். நானும் ஒருமுறை ஓர் அலுவலகத்துக்குக் கிழங்கு கொண்டுபோனேன். படிவம், முத்திரை, மறுபடியும் படிவம். பறித்த இரண்டு மூன்று நாளில் உள்ளே கருநீலக் கோடு ஓடிக் கெட்டுவிடும் பொருள் இது என்று படிவம் வகுத்தவர்களுக்கு யார் சொல்வது?

கிழங்கிலுள்ள சயனைடு நஞ்சையும் பொடி எடுக்கும் என்று தரகர் சொல்லியிருப்பார். அதற்கான நொதி, லினமரேஸ், கிழங்கிலேயே இருக்கிறது. துருவினால் தானே வேலையைத் தொடங்கும். நீங்கள் நன்றாக அலசி மெல்லியதாகப் பரப்பிக் காயவையுங்கள். பிழிந்த தண்ணீரை ஆட்டுக்கோ கோழிக்கோ வைக்காதீர்கள். நஞ்சு அதில் இறங்கியிருக்கும்.