மொழிபெயர்ப்பு வேலை முடிந்ததும் தானாகத் தகவல் வர வெப்ஹூக் அமைப்பது எப்படி?

மொழிபெயர்ப்புத் தளத்தில் வேலை முடிந்ததும் கோப்பு தானாக உங்கள் வெப்சைட்டுக்கு வர வேண்டும் என்கிறீர்கள். இப்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தளத்தின் ஏபிஐயை (ஒரு புரோகிராம் இன்னொன்றோடு பேசும் வழி) கூப்பிட்டு "முடிந்ததா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அதற்குப் பதிலாக வெப்ஹூக், அதாவது தளமே நம் சர்வருக்குத் தகவல் அனுப்பும் ஏற்பாடு, வைக்கலாமா என்பது கேள்வி.

தாராளமாக வைக்கலாம். தளத்தின் செட்டிங்ஸில் உங்கள் சர்வரின் யூஆர்எல்லைக் கொடுத்து, எந்த நிகழ்வுக்குத் தகவல் வேண்டும் என்று டிக் செய்து, ஒரு சீக்ரெட் கீ போட்டுவிட்டால் போதும். நிகழ்வு நடந்ததும் அந்த முகவரிக்கு ஜேசன் என்ற எழுத்து வடிவில் விவரத்தோடு ஒரு போஸ்ட் கோரிக்கை வந்து விழும். அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எந்த நிகழ்வை டிக் செய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் வேலூர் சத்துவாச்சாரியில் இருந்து மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். எங்கள் ஊருக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களில் மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களைச் சேர்ந்தவர்கள் ஏராளம். காந்தி ரோட்டுப் பக்கம் லாட்ஜ், மெஸ் போர்டுகளிலேயே வங்காள எழுத்தைப் பார்க்கலாம். அதனால் எங்களிடம் வருவதில் பெரும்பகுதி நோயாளிகளுக்குக் கொடுக்கும் குறிப்புத் தாள்கள். ஆபரேஷனுக்கு முன் எத்தனை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, எந்த மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும் என்பது மாதிரி. ஒருவர் மொழிபெயர்ப்பார், இன்னொருவர் சரிபார்ப்பார், அப்புறம் மருத்துவம் தெரிந்த ஒருவர் ஒப்புதல் கொடுப்பார்.

இந்த மூன்று கட்டத்துக்கும் தளம் தனித்தனி நிகழ்வு வைத்திருக்கும். கிரவுடின் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: கோப்பு முழுக்க மொழிபெயர்க்கப்பட்டது என்பது ஒரு நிகழ்வு, ஒப்புதல் பெற்றது என்பது வேறொரு நிகழ்வு. முதலாவதை டிக் செய்தால், கடைசி வரி நிரம்பியதுமே தகவல் வந்துவிடும். சரிபார்ப்பவர் அந்தக் கோப்பைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். அது நேராக வெப்சைட்டுக்குப் போனால், வங்காளத்தில் "ஆறு மணி நேரம்" என்பது "எட்டு" என்று இருந்தாலும் தடுக்க ஆள் கிடையாது. துணிக்கடை விளம்பரமாக இருந்தால் நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம், இந்தத் தாளில் முடியாது. எனவே வெளியீட்டை எப்போதும் ஒப்புதல் நிகழ்வோடு மட்டும் கோத்துவிடுங்கள். ஒப்புதலுக்குப் பிறகு மூலத்தில் ஒரு வரி மாறினால் அதே கோப்புக்கு மறுபடியும் தகவல் வரும் என்பதையும் எதிர்பார்த்து எழுதுங்கள்.

தகவலைப் பெறும் பக்கத்துக்கு வருவோம். வெப்ஹூக்கை வாசல் மணியாக மட்டும் நினையுங்கள். மணி அடித்தால் கதவைத் திறந்து யார் என்று பார்ப்போம் அல்லவா? அப்படியே, வந்த ஜேசனில் இருப்பதை நம்பி வெளியிடாமல், அதிலுள்ள கோப்பு எண்ணை வைத்து ஏபிஐயில் இப்போதைய நிலையைக் கேட்டு, அங்கிருந்தே கோப்பை இறக்குங்கள். தகவல்கள் வரிசை மாறி வந்தாலும் அப்போது பாதிப்பில்லை.

ஆனால் இந்த வேலையைக் கோரிக்கை வந்த இடத்திலேயே செய்யாதீர்கள். டேட்டாபேஸில் ஒரு வரி போட்டுவிட்டு உடனே 200 ("கிடைத்தது" என்று அர்த்தம்) என்று பதில் அனுப்புங்கள். இறக்குவதும் வெளியிடுவதும் பின்னால் ஒரு கியூவில், வரிசையாக, நடக்கட்டும். அனுப்பும் தளங்கள் அதிக நேரம் காத்திருக்காது, புரோகிராம் கோடுகளை வைக்கும் தளமான கிட்ஹப் 10 வினாடிதான் பார்க்கும். பதில் தாமதமானால் பல தளங்கள் அதே தகவலைத் திரும்ப அனுப்பும். அதனால் நிகழ்வின் ஐடி டேட்டாபேஸில் இரண்டு முறை பதிய முடியாதபடி வைத்துக்கொண்டால், இரண்டாவது முறை வருவது தானாகக் கழிந்துவிடும்.

தகவல் உண்மையாகவே தளத்திலிருந்து வந்ததா என்று பார்க்கும் கையொப்பச் சோதனையில் தமிழ்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பல தளங்கள் சீக்ரெட் கீயை வைத்து எச்மேக் ஷா-256 என்ற கணக்கு முறையில் ஒரு கையொப்பம் கணக்கிட்டு கோரிக்கையின் தலைப்பகுதியான ஹெடரில் அனுப்பும். அதை வந்த பைட்டுகளின் மீது அப்படியே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஜேசனைப் பிரித்து மறுபடி சேர்த்துக் கணக்கிட்டால் ஒத்துப்போகாது. காரணம், "த" என்ற எழுத்து, எழுத்துகளைப் பைட்டாக மாற்றும் முறையான யூடிஎஃப்-8இல் மூன்று பைட்டாகவும் வரலாம், பின்சாய்வுக்கோட்டில் தொடங்கும் ஆறு எழுத்துக் குறியீடாகவும் வரலாம். பைதான் மொழியின் ஜேசன் மாட்யூல் நாம் எதுவும் சொல்லாவிட்டால் இரண்டாவது வடிவத்தில்தான் எழுதும். ஆங்கிலக் கோப்புப் பெயரோடு சோதிக்கும்போது சிக்காமல் போனாலும், தமிழ்ப் பெயர் வந்ததும் எல்லாக் கோரிக்கையும் போலி என்று நிராகரிக்கப்படும். ஒப்பிடுவதற்கு சாதாரணச் சமக்குறி வேண்டாம், பைதானில் அதற்கென்றே கம்பேர்_டைஜெஸ்ட் இருக்கிறது. சில தளங்கள் கையொப்பம் இடாமல் ரகசியச் சொல்லை மட்டும் ஹெடரில் வைத்து அனுப்பும், அங்கே எச்டிடிபிஎஸ் கட்டாயம்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் உங்கள் பழைய ஸ்கிரிப்டை அழித்துவிடாதீர்கள். ராத்திரி ஒருமுறை ஓடும்படி மாற்றி, தளத்தில் ஒப்புதல் பெற்றிருந்தும் உங்களிடம் வராத கோப்புகளை அது எடுத்து வரட்டும். கோடையில் கரண்ட் போய் ஆபீஸ் சர்வர் நின்றிருந்த நேரத்தில் வந்த தகவல்களுக்கு அதுதான் வழி. இந்த ஏற்பாட்டை ஓட விடும் முன், ஒரே தகவலை இரண்டு முறையும், கையொப்பத்தில் ஓர் எழுத்தை மாற்றி ஒரு முறையும் நீங்களே அனுப்பிப் பாருங்கள்.