கொரியாவில் தொடங்கிய உதவி

கேள்வி: ஏழை நாட்டுக் குழந்தைகளைப் படிக்க வைக்கும் கம்பேஷன் இன்டர்நேஷனல் என்ற கிறிஸ்தவ அமைப்பை நடத்துபவர்கள் பாதிரியார்களா, நிர்வாகிகளா?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: தொடங்கியவர் போதகர்தான், சிகாகோவைச் சேர்ந்த எவரெட் ஸ்வான்சன். 1952-இல், போர் நடந்துகொண்டிருந்த தென்கொரியாவுக்கு அமெரிக்கச் சிப்பாய்களிடம் பிரசங்கம் செய்யப் போனவர், ஒரு விடியற்காலையில் தெருவோரம் கிடந்த கந்தல் மூட்டைகளை ஆட்கள் லாரியில் தூக்கிப் போடுவதைப் பார்த்தார். கிட்டப் போய்ப் பார்த்தால் அத்தனையும் ராத்திரிக் குளிரில் செத்துப்போன அனாதைக் குழந்தைகள். இதை எழுதும்போதே எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஊர் திரும்பிப் பணம் திரட்டினார். ஒரு குழந்தைக்கு ஒரு புரவலர் மாதாமாதம் பணம் அனுப்பும் முறை 1954-இல் வந்தது.

அப்புறம் 1993 முதல் 2013 வரை தலைவராக இருந்த வெஸ் ஸ்டாஃபோர்ட், மிஷனரி பெற்றோருடன் ஐவரி கோஸ்ட் கிராமம் ஒன்றில் வளர்ந்தவர். கூட விளையாடிய பிள்ளைகள் பலர் நோயில் சாவதைப் பார்த்தவருக்கு வறுமையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. அவருக்குப் பின் வந்த ஜிம்மி மெல்லாடோ எல் சால்வடாரில் பிறந்தவர், 1988 சியோல் ஒலிம்பிக்கில் அந்த நாட்டுக்காக டெகாத்லான் என்ற பத்துத் தடகளப் போட்டிகள் சேர்ந்த பந்தயத்தில் கலந்துகொண்டவர்.

இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடை தொடர்பான தடையால் 2017-இல் வேலையை நிறுத்திக்கொண்டார்கள். ஒன்றே கால் லட்சத்துக்கும் அதிகமான நம் பிள்ளைகளுக்கு அந்த உதவி நின்றுபோனது, எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் அது. சரி, கொரியா என்ன ஆனது என்கிறீர்களா? 1993-இல் உதவி வாங்குவதை நிறுத்தி, 2003 முதல் மற்ற நாட்டுக் குழந்தைகளுக்கு அவர்களே பணம் அனுப்புகிறார்கள்.