சட்டம் வந்துவிட்டது, சலுகை வரவில்லையே?

கேள்வி: சிசிலியில் ஐந்து பேர் வேலை செய்யும் சிறிய உணவகம் நடத்துகிறேன். தென் இத்தாலிக்கான 30 விழுக்காட்டு வரிச்சலுகை விட்டுவிட்டுத்தான் வந்தது. 2029 வரை சட்டமே இருந்தும் பிரஸ்ஸல்ஸ் அனுமதிக்காக ஏன் காத்திருந்தார்கள்? இனியும் அப்படித்தானா?

பதில்: அது வரியே அல்ல. தொழிலாளிக்காக முதலாளி இன்ப்ஸ் என்னும் இத்தாலியச் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்குக் கட்டும் பங்களிப்பில் கிடைத்த கழிவு. 2020 அக்டோபரில், சிசிலி உட்பட எட்டுப் பிராந்தியங்களில் தொடங்கியது. ஒரு பகுதி நிறுவனங்களுக்கு மட்டும் அரசு பணத்தை விட்டுக்கொடுத்தால் அது 'அரச உதவி'. ஐரோப்பிய ஆணையம் சரி என்னும்வரை அதை நடைமுறைப்படுத்த முடியாது.

முதல்கட்டப் பரிசீலனைக்குக் கெடு இரண்டு மாதம். ஆனால் விண்ணப்பம் முழுமையான நாளிலிருந்துதான் அது ஓடும். ஆணையம் விளக்கம் கேட்டால், பதில் போய்ச் சேர்ந்த பிறகு மறுபடி முதலிலிருந்து எண்ணுவார்கள். உண்மையான சிக்கல் அதுவும் அல்ல. அன்றாடச் செலவைக் குறைக்கும் உதவியை ஆணையம் எளிதில் ஏற்பதில்லை. கொரோனாவுக்கும், பின்னர் உக்ரைன் போருக்கும் வந்த தற்காலிக விதிகளின் நிழலில்தான் இது ஓடியது. அந்த விதிகளுக்குக் காலாவதி இருந்ததால் அனுமதியும் ஆறு மாதம், ஒரு வருடம் என்று துண்டுதுண்டாக வந்து, 2024 டிசம்பர் 31-இல் முடிந்தது.

2025 முதல் 250 பேருக்கு உட்பட்ட சிறு, நடுத்தர நிறுவனங்களுக்குப் புதிய கழிவு வந்திருக்கிறது. இது 'டி மினிமிஸ்', அதாவது சிறு உதவிகளுக்கான ஐரோப்பிய விதியின் வரம்புக்குள் வருவதால் முன்அனுமதி தேவையில்லை. பெரிய நிறுவனங்களுக்கான கழிவுக்கு ஆணையத்தின் அனுமதி வேண்டும். உங்களைப் போன்ற சிறு நிறுவனங்களுக்கு 2025-இல் பங்களிப்பில் 25 விழுக்காடு, ஆளுக்கு மாதம் அதிகபட்சம் 145 யூரோ. 2026-இல் 20 விழுக்காடு, 125 யூரோ. ஒருவருக்கு நீங்கள் கட்டும் பங்களிப்பு 400 யூரோ என்றால் 2026-இல் 80 யூரோ கழியும். 700 என்றால் 140 வரவேண்டும், ஆனால் 125-ஓடு நின்றுவிடும்.

முந்தைய ஆண்டின் டிசம்பர் 31-க்குள் நிரந்தர ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்களுக்கே இது பொருந்தும். வீட்டு வேலையாட்களுக்கும் விவசாயத்துக்கும் கிடையாது. பங்களிப்பு பாக்கியில்லை என்று காட்டும் 'டூர்க்' சான்றிதழ் செல்லுபடியாக இருக்க வேண்டும். பழைய பாக்கியால் அந்தச் சான்றிதழ் கிடைக்காமல் போனால் சலுகையும் போய்விடும். டி மினிமிஸ் உச்சவரம்பு மூன்று ஆண்டுகளில் 3,00,000 யூரோ. ஐந்து பேர் கடை அதைத் தொட இக்கழிவு மட்டும் போதாது. ஆனால் உங்கள் கட்டுப்பாட்டில் இன்னொரு நிறுவனம் இருந்தால் இரண்டையும் ஒன்றாகவே எண்ணுவார்கள். இதுவரை பெற்ற உதவிகளைத் தேசிய உதவிப் பதிவேட்டில் கணக்காளரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அனுமதி தேவைப்படும் சலுகையை, எப்படியும் வரும் என்று முன்கூட்டியே கழித்துக்கொண்டால்?

பதில்: வேண்டாம். அனுமதி கிடைக்காவிட்டால் வட்டியோடு திருப்பிக் கட்ட நேரும், அதுவும் பத்து ஆண்டுகள் பின்னோக்கி. "எங்கள் நாட்டுச் சட்டத்தை நம்பினேன்" என்ற வாதம் பெரும்பாலும் எடுபடாது. அனுமதி கிடைத்த திட்டமும் நிபந்தனை தவறினால் சிக்கும்: போர்ச்சுகலின் மதேய்ரா தீவு வரிச்சலுகையில், உண்மையில் தீவில் ஈட்டாத லாபத்துக்கும் சலுகை போனது என்று கூறி, 2020 டிசம்பரில் ஆணையம் பணத்தை மீட்கச் சொன்னது. ஆகவே முழுத்தொகையைக் கட்டிவிட்டு, எந்த மாதம், எந்தத் தொழிலாளி, எவ்வளவு என்று தனியே குறித்து வையுங்கள். அனுமதி வந்து இன்ப்ஸ் சுற்றறிக்கை வெளியிட்டதும், மாதாந்திர 'யூனிஎமென்ஸ்' அறிக்கை வழியாகப் பாக்கியைக் கழித்துக்கொள்ளலாம்.