மறு: பிளாக்அவுட் இரண்டு நொடி தாமதமாக விழுகிறது

நாடகத்தில் கடைசி வசனம் முடிந்து இரண்டு நொடி கழித்துத்தான் மேடை முழுவதும் இருட்டாகிறது (பிளாக்அவுட்), இயக்குநரும் ஹெட்செட்டில் விளக்கு ஆபரேட்டரைத் திட்டுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் கன்சோலில் (விளக்குகளை இயக்கும் பலகையில்) அந்தக் கியூவின், அதாவது அந்த விளக்கு மாற்றத்தின், ஃபேட் நேரத்தை (ஒளி மாற எடுக்கும் நேரத்தை) பாருங்கள். பிளாக்அவுட்டுக்கு 0 இருக்க வேண்டும். பல கன்சோல்களில் சில நொடிகள் தானாகவே விழுந்திருக்கும்.

அது சரியாக இருந்தால், கோளாறு கியூ சொல்லும் விதத்தில். நாடகம் ஓடும்போது கியூ சொல்லும் குரல் ஒன்றுதான் இருக்க வேண்டும்: அமெரிக்காவில் ஸ்டேஜ் மேனேஜர், பிரிட்டனில் பெரும்பாலும் டெபுடி ஸ்டேஜ் மேனேஜர். இயக்குநரின் குறிப்புகள் திரை விழுந்த பிறகு. (இயக்குநர் என்று தனியாக ஒருவர் வந்ததே பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன், இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் காலத்தில், நடிகர்களின் நுழைவுகளை எழுதிய தாளை அட்டையில் ஒட்டி, மேடைக்குப் பின்னால் மாட்டிவைத்தார்கள்.)

கியூ சொல்பவர் கையில் இருக்கும் பிராம்ப்ட் புத்தகத்தில் ஒரு பக்கம் வசனம், எதிர்ப்பக்கம் கியூ எண்கள். எல்லாம் பென்சிலில், ஏனென்றால் ஒத்திகை முடியும்வரை மாறிக்கொண்டே இருக்கும். கியூவுக்கு அரைப் பக்கம் முன்பே "ஸ்டாண்ட்பை லைட் 12" (12ஆம் விளக்குக் கியூவுக்குத் தயாராக இருங்கள்) என்று சொல்ல வேண்டும். ஆபரேட்டர் பதில் சொல்லியே ஆக வேண்டும். பிறகு "லைட் 12... கோ". 'கோ' கடைசியில் வரவேண்டும். "கோ லைட் 12" என்றால் எண்ணைக் கேட்கவே அவர் காத்திருப்பார். வேறு பேச்சில் அந்தச் சொல்லே வரக்கூடாது, யாராவது பொத்தானை அமுக்கிவிடுவார்கள்.

வசனம் முடிந்தபின் 'கோ' சொன்னால் எப்போதும் தாமதம்தான். கடைசிச் சொல்லின் மீதே சொல்லுங்கள். வசனங்களைத் தாண்டி, கியூக்களை மட்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.