காமெடி நடிகர் சீரியஸ் டிடெக்டிவ் ரோலுக்கு எப்படி செட் ஆகுறாரு?

மக்கள் மனசுல பதிஞ்ச இமேஜுக்கு நேர் எதிரான வேஷத்தை ஒரு நடிகருக்குக் கொடுக்கிறதுதான் விஷயம். நல்ல உதாரணம் ரோவன் அட்கின்சன், நம்ம மிஸ்டர் பீன். 2016, 17ல பிரிட்டன் ஐடிவி சேனல்ல நாலு டெலிபிலிம்ல மெக்ரேவா வந்தாரு, இவர் ஜார்ஜ் சிமெனான் எழுதுன துப்பறியும் நாவல்கள்ல வர்ற, வாயில பைப்போட திரியுற பாரிஸ் போலீஸ் அதிகாரி. கதை நடக்குறது 1950கள்ல.

காரணம் என்னன்னா காமெடிக்கு உயிரே டைமிங்தான், எங்க நிறுத்தணும், எப்ப கண்ணை மட்டும் அசைக்கணும்னு உடம்புலயே ஊறியிருக்கும், மெக்ரேவும் ஓடிப்போய் சண்டை போடுற ஆள் இல்ல, எதிர்ல இருக்கிறவனைப் பேசவிட்டுட்டு சும்மா பார்த்துட்டே இருப்பாரு. ஃபாஸ்ட் பௌலர் அதே ஆக்‌ஷன்ல ஸ்லோ பால் போடுற மாதிரிதான், திறமை அதேதான், வேகம் மட்டும் குறையுது. பைப்பும் சும்மா ஸ்டைலுக்கு இல்ல. புகையிலையை அமுக்கி, பத்தவச்சு, ஒரு இழுப்பு இழுக்குற வரைக்கும் பதில் சொல்லாம இருக்கலாம், பார்க்கிறவங்களுக்கு ஆள் யோசிக்கிறாருன்னு புரிஞ்சிடும். ஆனா முதல் பத்து நிமிஷம் இப்ப முகத்தைக் கோணிடுவாரோன்னு நமக்குத்தான் பக்குனு இருக்கும், அது அவர் தப்பு இல்ல.

அப்புறம், பீன் அதிகம் பேசாததால அட்கின்சனுக்கு வசனம் வராதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா 1983ல ஆரம்பிச்ச பிளாக்ஆடர்ங்கிற காமெடி டிவி தொடர்ல அவர் சிரிக்க வச்சதே பெரும்பாலும் பேச்சாலதான்.