கவலை என்றால் என்ன? பயம், பதற்றம், வருத்தத்திலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

இன்னும் நடக்காத ஒன்றை, ‘என்ன ஆகுமோ’ என்று மனம் திரும்பத் திரும்ப உருட்டிப் பார்ப்பதுதான் கவலை. பழந்தமிழில் இந்தச் சொல்லுக்குக் கிளை பிரியும் வழி என்றும் பொருள் உண்டு. எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கும் மனத்துக்கு எவ்வளவு பொருத்தம்!

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மாலை நான்கு மணி, வானம் கறுத்துவிட்டது, கார் அடித்தள பார்க்கிங்கில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘தண்ணி ஏறுமோ, இன்சூரன்ஸ்ல வெள்ளத்துக்குத் தனியா கட்டினோமா’ என்று மேசையில் உட்கார்ந்தபடி ஓடும் எண்ணம் கவலை. கீழே இறங்கியதும் கணுக்கால்வரை தண்ணீர், ஓடத் தோன்றுகிறது, அது பயம். நெஞ்சு படபடத்து உள்ளங்கை வியர்ப்பது பதற்றம். கார் மூழ்கிய பிறகு வருவது வருத்தம்.

நிச்சயமில்லாததை மூளை ஆபத்தாகவே எடுத்துக்கொண்டு ஒத்திகை பார்க்கிறது. பயந்தது நடக்காவிட்டால், ‘கவலைப்பட்டதால்தான் தப்பித்தோம்’ என்று கணக்குப் போட்டுக்கொள்கிறது. பழக்கம் வேர்விடுவது இங்கேதான்.

தினமும் ஒரே நேரத்தில் 15 நிமிடம் ஒதுக்கிக் கவலைகளை எழுதுங்கள். படுக்கையில் வேண்டாம், தூக்கம் கெடும். காரை மேட்டில் நிறுத்துவது போலச் செய்யக்கூடியது இருந்தால் உடனே செய்துவிடுங்கள். மற்றவை நாளைய 15 நிமிடத்துக்குக் காத்திருக்கட்டும். பெரும்பாலான நாள்களில் கட்டுக்கடங்காத கவலை, 6 மாதமாகத் தொடர்ந்தால் அரசாங்க கிளினிக்கில் டாக்டரைப் பாருங்கள்.

கவலைப்படாதவருக்குப் பாசமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மழையில் வரும் மகளுக்குப் போன் போட்டு ‘எங்கம்மா இருக்க, நான் வரட்டுமா’ என்று கேட்பது அக்கறை, கேட்காமல் ஜன்னலோரம் நின்று தவிப்பதுதான் கவலை.