ரிமோட் மாட்டிய பழைய ஃபேன் கருகிவிட்டது. நஷ்டம் யார் தலையில்?

கேள்வி: திருச்சியில் வாடகை வீட்டில் நானும் அம்மாவும் இருக்கிறோம். அம்மாவுக்கு 71 வயது, மூட்டு வலி. இரவில் எழுந்துபோய் ஃபேனைக் குறைக்க முடியவில்லை என்பதால் ஆன்லைனில் 1,350 ரூபாய்க்கு ஒரு ரிமோட் கிட் வாங்கினேன். 400 ரூபாய் கூலி கொடுத்து, எலக்ட்ரீஷியனை வைத்து வீட்டுக்காரரின் பழைய சீலிங் ஃபேனில் மாட்டினோம். மூன்றாவது வாரம் நள்ளிரவில் கருகல் நாற்றம் வந்து ஃபேன் நின்றுவிட்டது. கிட்டும் போய்விட்டது, மோட்டாரும் போய்விட்டது. “பழைய ஃபேனை மாற்றியமைத்தது நீங்கள், நாங்கள் பொறுப்பில்லை” என்கிறார் விற்றவர். அந்தக் கிட்தான் மட்டம் என்கிறார் எலக்ட்ரீஷியன். என்னைக் கேட்காமல் செய்தீர்கள், புது ஃபேனும் அந்த அறைக்குப் புது வயரிங்கும் சேர்த்து 18,500 ரூபாயை அட்வான்ஸில் கழிப்பேன் என்கிறார் வீட்டுக்காரர். கருகிய கிட்டைத் தன்னிடம் கொடுக்கும்படி எலக்ட்ரீஷியன் வேறு கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: கருகிய கிட்டைத் தன்னிடம் கொடுக்கும்படி எலக்ட்ரீஷியன் கேட்பதாகக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள். துடைக்கவும் வேண்டாம். அப்படியே ஒரு கவரில் போட்டு, கழற்றிய தேதியை எழுதி வையுங்கள். ஃபேனையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். உங்கள் வழக்கின் முக்கால் பங்கு அந்தக் கவருக்குள்தான் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய படங்களை நிதானமாகப் பார்த்தேன். கிட்டின் ஒரு மூலை உருகி, உள்ளே போகும் வயரின் உறை பழுப்பாகிச் சுருங்கியிருக்கிறது. என் கண் நின்றது அங்கே இல்லை, சுவிட்ச் போர்டில். பழைய ரெகுலேட்டர் இன்னும் அங்கேயே இருக்கிறது, திருகும் குமிழ் 3-இல் நிற்கிறது. கிட்டோடு வந்த தாளின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், ரெகுலேட்டரை இணைப்பிலிருந்து எடுத்துவிட்டுத்தான் கிட்டை மாட்ட வேண்டும் என்று பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும், ஒரு வரி கிடக்கிறது. ரெகுலேட்டர் செய்வதும் கிட் செய்வதும் ஒரே வேலை: மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் குறைப்பது. இரண்டும் ஒரே லைனில் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தால் ஃபேன் உறுமும், சூடேறும், ஒருநாள் ஏதாவது ஒன்று போகும். மாட்டிய நாளிலிருந்தே ‘ம்ம்’ என்று ஒரு சத்தம் வந்ததாக உங்கள் அம்மா சொன்னாராமே, அதையும் புகாரில் தேதியோடு எழுதுங்கள்.

விற்றவரின் பதில் பாதிதான் சரி. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87-ஆம் பிரிவு, பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியிருந்தாலோ விற்றவர் மீது பொருள் பொறுப்பு வழக்கு, அதாவது பொருளால் வந்த சேதத்துக்கு ஈடு கேட்கும் வழக்கு, நிற்காது என்கிறது. இங்கே ‘பொருள்’ எது? அவர் விற்ற கிட். நீங்கள் மாற்றியது ஃபேனை. கிட்டை யாரும் பிரித்து மாற்றவில்லை. பழைய ஃபேனில் மாட்டுவதற்கென்றே ஒன்றை விற்றுவிட்டு, பழைய ஃபேனில் ஏன் மாட்டினீர்கள் என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? ஃபேன் கம்பெனி வேண்டுமானால் அப்படிச் சொல்லலாம், ஏனென்றால் மாற்றப்பட்டது அவர்கள் பொருள். ஆனால் ரெகுலேட்டரை எடுக்காததைத் ‘தவறான பயன்பாடு’ என்று விற்றவர் வாதாடுவார். அதற்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும்.

அந்த இடத்தில் 84-ஆம் பிரிவு கைகொடுக்கும். சரியாகப் பயன்படுத்தப் போதுமான விளக்கமோ, ஆபத்து பற்றிய எச்சரிக்கையோ தராமல் விட்டால் தயாரிப்பாளர் பொறுப்பு. திருச்சியில் ஒரு வீட்டுக்கு வரும் பொருளில், உயிர் சம்பந்தப்பட்ட எச்சரிக்கையை இவ்வளவு பொடியாக அச்சடித்தால் போதுமா என்று நுகர்வோர் ஆணையம் கேட்கத்தான் வேண்டும். அதனால் கிட்டின் பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள். தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர் அதில்தான் இருக்கும். அப்புறம் ஒரு நுணுக்கம்: சொத்தைப் பொறுத்தவரை, இந்தச் சட்டத்தில் ‘தீங்கு’ என்றால் அந்தப் பொருளைத் தவிர மற்ற சொத்துக்கு வந்த சேதம். எனவே ஃபேன் நஷ்டத்தைப் பொருள் பொறுப்பு என்ற பெயரிலும், 1,350 ரூபாயைக் குறைபாடுள்ள பொருள் என்ற பெயரிலும் தனித்தனியாகக் கேளுங்கள்.

என் கணிப்பில் முதல் பொறுப்பு எலக்ட்ரீஷியனுடையது. காசு வாங்கிச் செய்த வேலை சேவைதான், அதில் குறை இருந்தால் நுகர்வோர் புகார் போடலாம். பில் இல்லையே என்று பயப்பட வேண்டாம். ஜிபேயில் 400 ரூபாய் போன பதிவும், ‘நாளைக்கு வந்து மாட்டுறேன்’ என்ற வாட்ஸ்ஆப் செய்தியும் இருக்கின்றன, போதும். இருந்தாலும் அவர் அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவர். ரெகுலேட்டர் விஷயத்தை நேரில் காட்டி, மோட்டாரை ரீவைண்டிங் செய்து தரும்படி முதலில் கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.

இனி வீட்டுக்காரர். உங்கள் பக்கத் தவறையும் சொல்லிவிடுகிறேன்: அவருடைய ஃபேனைத் திறக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், வாட்ஸ்ஆப்பிலாவது. ஃபேனைச் சரிசெய்து தரும் கடமை உங்களுக்கு உண்டு, எலக்ட்ரீஷியனிடம் பணம் வந்தாலும் வராவிட்டாலும். அதற்காக 18,500 ரூபாயா? ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு உண்மையில் ஏற்பட்ட நஷ்டத்துக்குத்தான் ஈடு தரச் சொல்கிறது. பல வருடம் ஓடிய ஃபேனுக்குப் பதில் புது ஃபேன் விலை முழுதாகக் கேட்பது நஷ்ட ஈடு ஆகாது. வயரிங் இன்னும் தெளிவு. வாடகைதாரர் செய்ய வேண்டிய சில்லறைப் பழுதுகளையும் உரிமையாளர் செய்ய வேண்டியவற்றையும் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் அட்டவணை போட்டுப் பிரித்திருக்கிறது. சுவிட்ச், பிளக் எல்லாம் உங்கள் பக்கம், வீட்டு வயரிங் அவர் பக்கம். கிட்டால் வயரிங்கும் கருகியது என்றால் அவர் அதைக் காட்ட வேண்டும். உங்கள் படத்தில் மேல் கப்புக்குள் தொங்கும் வீட்டு வயர் நன்றாகவே இருக்கிறது.

அதே சட்டப்படி, வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் நாளை அங்கே போகும்போது அதுவே முட்டுக்கட்டையாகலாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் வீட்டுக்காரருக்கு இப்படி எழுதுவேன்: ‘ஐயா, உங்கள் ஃபேனை ரீவைண்டிங் செய்து ஓடும் நிலையில் தருகிறேன். அம்மா அறையில் என் செலவில் ரிமோட்டோடு வரும் புது ஃபேன் மாட்டிக்கொள்ள அனுமதி தாருங்கள். காலி செய்யும்போது அதைக் கழற்றிக்கொண்டு உங்கள் ஃபேனை மாட்டித் தருவேன்.’ வாடகைதாரர் தான் பொருத்தியதை, இடத்தைப் பழைய நிலையில் விட்டுவிட்டு எடுத்துச் செல்லலாம் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 108-ஆம் பிரிவு சொல்கிறது. பிஎல்டிசி என்ற புதுவகை மோட்டார் உள்ள ஃபேன் என்றால் பெரும்பாலும் ரிமோட் கூடவே வரும். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும் இடத்தில் இது 30 வாட் பக்கம்தான் எடுக்கும். அதை மாட்டும்போதும் ரெகுலேட்டரைக் கழற்றச் சொல்லுங்கள், பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

விற்றவருக்கு ஆன்லைன் தளத்தின் குறைதீர் அதிகாரி வழியாக எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. கூடவே 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும் பதியுங்கள். இரண்டிலும் நகரவில்லையென்றால் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. விற்றவர், தயாரிப்பாளர், எலக்ட்ரீஷியன் மூவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவர்மேல் கை காட்டித் தப்பிப்பார். கிட்டைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவில் அதிகாரம் உண்டு, அதற்கான கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டி வரலாம். அனுப்பும்போது அந்தக் கவர் பிரிக்கப்படாமல் இருக்கட்டும்.

அதுவரை அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் ஒரு டேபிள் ஃபேன் வைத்துக் கொடுங்கள்.